விரலுக்கு எட்டும் பிரேக்

"கையைக் குடுங்க" என்கிறார் சைக்கிள் கடை பிரேக் அக்கா, வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள். குலுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து நீட்டுபவர்கள் ஏமாந்து போவார்கள். நீட்டிய கையை மல்லாத்தி, விரல்களை மடக்கி நிமிர்த்தி, கட்டைவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனி வரைக்கும் தம் விரலை வைத்து அளப்பார். போன வாரம் ஒருவர் ஜோசியம் என்றே நினைத்து, "கல்யாணம் எப்போன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். "முதல்ல பிரேக் பிடிக்கட்டும், கல்யாணத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கடைக்கு எல்லா வகைச் சைக்கிளும் வரும். ஆனால் மவுண்டன் பைக்கில் பழைய பிரேக் லிவரையும் கியர் லிவரையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், அக்காவுக்குச் சாப்பாடு மறந்துவிடும். புதுச் சைக்கிள்கள் மேல் அவருக்கு ஒரு தீராத கோபம். "தொழிற்சாலைல ஒரே ஒரு கைதான் இருக்கு. அந்தக் கைக்கு எல்லாத்தையும் மாட்டி ஊருக்கெல்லாம் அனுப்பிடறாங்க. அந்தக் கைக்காரன் மட்டும் எங்கிட்ட மாட்டட்டும்" என்பார். அந்த ஆள் இந்தத் தெருப்பக்கம் வராமலிருப்பது அவனுக்கு நல்லது.

ஹேண்டில்பாரின் ரப்பர் உறை வழுக்கிக்கொண்டு ஏறுவதற்கு, அதற்குள்ளே அவர் அடிப்பது தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே. ஈரமாக இருக்கையில் வழுக்கும்; காய்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவர் தலையில் அது ஒரு சொட்டு பட்டதாகவும் தெரியவில்லை. எந்நேரமும் அவிழப் பார்க்கிற கொண்டையை, திருகு முடுக்குகிற ஒரு அலன் கீதான் தாங்கிக்கொண்டிருக்கும். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர், "நீ நடத்தறது சைக்கிள் கடையா, பியூட்டி பார்லரான்னு பக்கத்து வீட்ல கேக்கறாங்க" என்று குறைபட்டுக்கொண்டால், "ரெண்டுலயும் வர்றவங்க அழகாத்தானே வெளிய போறாங்க" என்று வாயை அடைத்துவிடுவார்.

நான் அன்றைக்குப் போனது என் சைக்கிள் போடுகிற கீச்சொலிக்காக. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குகிற ரகம் நான். அக்கா என் கையைக் கேட்கவில்லை. கடை நடுவில் நின்ற பச்சை மவுண்டன் பைக்கையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அது அவருடைய நாத்தனாரின் சைக்கிள். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளானால் இருவரும் மலைப்பாதையில்தான் கிடப்பார்களாம். போன வருஷம் கடைக்குப் பின்னாலுள்ள மேட்டிலிருந்து இறங்கும்போது, லிவர் விரலுக்குச் சரியாக எட்டாமல் நாத்தனார் விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் பயம் போகவில்லை. கூரைக் கொக்கியிலேயே தொங்கிய சைக்கிளை விற்றுவிடச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு தடவை பார்க்க இன்றைக்கு வருகிறாராம். அவரிடம் சொல்லாமலே சின்னக் கைகளுக்கென்று வரும் லிவர்களை மாட்டி வைத்திருந்தார் அக்கா.

"அவ இல்லாம நான் மட்டும் போறது நல்லாவே இல்லைங்க. பேசறதுக்கு ஆள் வேணாமா?" என்றார் என்னிடம். எப்போதும் தெருமுனை வரை கேட்கிற குரல், அப்போது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நாத்தனார் யூனிஃபார்மோடு வந்தார். புது லிவர்களைப் பார்த்ததும் அண்ணியை ஒரு முறை முறைத்தார். ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, விரலை நீட்டினார். நுனி மட்டும்தான் தொட்டது.

"இதுவும் எட்டல அண்ணி. விடுங்க, என் கை அப்படி." முகம் சுண்டிவிட்டது.

அக்கா அவசரமாகத் தம் கையை வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரார் கையையெல்லாம் பிடித்து அளந்தவர், வீட்டுக் கையை அளக்கவே இல்லை. பார்த்துப் பழகிய கைதானே என்று மனக்கணக்கில் மாட்டியிருக்கிறார். மனம் அவருடைய கையையே காட்டியிருக்கிறது.

"அந்தத் தொழிற்சாலைக் கைக்காரன் நான்தான்டி" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாத்தனார்தான் முதலில் சிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் நானும் சிரித்தேன்.

"சரி, கையைக் குடு."

"ஊசி போடற கை அண்ணி. கிரீஸைப் பூசிடாதீங்க."

பூசித்தான் விட்டார். கொண்டையிலிருந்து அலன் கீ இறங்கியது, முடியும் இறங்கியது. பிரேக் லிவரின் பிடியைத் தளர்த்தி உள்பக்கமாக நகர்த்தினார். லிவரின் வளைந்த முனை ஆள்காட்டி விரலுக்கு நேராக வந்தது. அடியிலிருந்த குட்டித் திருகைத் திருக, லிவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குப் பக்கத்தில் வந்தது. கியர் லிவரைக் கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் வைத்து இறுக்கினார். இன்னொரு பக்கத்துக்கும் அதே வேலை.

"இப்ப கண்ணை மூடு. பிடி."

நாத்தனார் கண்ணை மூடினார். விரல் தேடவே இல்லை, நேராகப் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறக்காமலே மறுபடி பிடித்தார், விட்டார், பிடித்தார்.

"ஒரே ஒரு தடவை. பாதி மேட்டுலேர்ந்துதான்" என்றார்.

பின்வாசலில் போய் நின்றோம். நாத்தனார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் பாதி ஏறித் திருப்பினார். அக்காவின் இரண்டு கைகளும் தாமாக நெஞ்சுக்கு நேரே உயர்ந்தன. இல்லாத பிரேக்கைக் காற்றிலேயே விரல்கள் இறுக்கிப் பிடித்தன. பச்சைச் சைக்கிள் இறங்கியது, வளைவில் அழகாக வேகம் குறைந்தது, எங்கள் முன்னால் வந்து நின்றது. எனக்கு உள்ளுக்குள் விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

நாத்தனார் இறங்கவில்லை. "மேலேர்ந்து ஒண்ணு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்மும் அதுவுமாக உச்சி வரைக்கும் மிதித்தே போனார். அக்காவின் கைகள் மறுபடி உயர்ந்தன. மேலேயிருந்து சைக்கிள் புறப்பட்டது. முன்பு விழுந்த இடத்தைத் தாண்டும்போது நாத்தனார் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கீழே வரை கேட்டது. அக்கா காற்றில் பிடித்திருந்த பிரேக்கை மெல்ல விட்டார். முதலில் இடக்கை, பிறகு வலக்கை.