உயிரோடிருந்தவருக்கு ஒரு போர்வை

பதினோரு வருஷம் ஒரு கோபத்தைச் சுமந்தேன். ஒரு சாவு வீட்டில், பதினான்கு பேர் பார்க்க, தாக் இன்னாசி என்னைத் துரத்தினார். கொரியாவின் குன்சானில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தும் குழுவுக்கு அப்போது அவர்தான் தலைவர். நான் பாய்லர் பழுது பார்க்கிறவன், குழுவுக்குப் புதிது.

"டேய் மத்தியா, அவங்க என்ன பாய்லரா? இப்படியா பொரட்டுவ? வெளிய போயி ஷூவ அடுக்கு, போ."

அடுக்கினேன். அறுபது ஜோடி. அளவு பார்த்து வரிசையாக வைத்தால் கூப்பிட்டுப் பாராட்டுவார் என்று நினைத்தேன். வந்தவர்கள் தங்கள் ஷூவைத் தேடி என்னைத் திட்டியதுதான் மிச்சம்.

குழுவை மட்டும் விடவில்லை. நாற்பது பேரையாவது குளிப்பாட்டியிருப்பேன். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார். குளிக்காமல் வாங்க மாட்டேன், மகள் ஓக்-ஹீயும் தொடக் கூடாது என்று கிழவர் ஒரே பிடிவாதம். ஆகவே அதற்கு முந்தின வியாழக்கிழமைகளில் குழுவில் என்னை அனுப்பினார்கள். இனி அவரை நான் புரட்டலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் போனேன்.

வெந்நீர் ஆவி வெளியே போகட்டும் என்று அறைக்கதவைத் திறந்து வைத்தேன். உடுப்பை முழுக்கக் கழற்றினேன். கூடத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"ஓக்-ஹீ, இவருக்குக் காலையில வெளிக்கிப் போச்சா?"

"என்னைக் கேளுடா" என்றார், கோணிய வாயால். "போச்சு. நான்தான போனேன்?"

நான் காதில் வாங்காமல் அவர் கையைத் தூக்கித் தேய்த்தேன்.

"செத்தவங்களுக்குத் துணியப் போத்திட்டுத்தான குளிப்பாட்டுவ? எனக்கு எங்கடா துணி? அவங்ககிட்ட 'கையத் தூக்குறேங்க'ன்னு சொல்லிட்டுத் தூக்குவ. எங்கிட்டச் சொல்லணும்னா நான் சாகணுமா?"

எனக்கு முகம் பாய்லர் மாதிரி சூடானது. நாற்பது பிணத்துக்குக் காட்டிய மரியாதை, மூச்சு விடுகிற ஒருவருக்கு என் கையில் இல்லை. கதவைச் சாத்தினேன். போர்வையைத் தேடிப் போர்த்தினேன்.

"வலது கையைத் தூக்குறேங்க, ஐயா."

"தூக்கு."

சோப்பு நழுவி விழுந்தது. அதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

அடுத்த மாதம் சாமியார் ஓக்-ஹீயிடம், "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்க, "அவரையே கேளுங்க சாமி" என்று நான் முந்திக்கொண்டேன். சாமியார் முகம் சிவந்தது. கிழவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அரை வாய்தான் சிரித்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

கார்த்திகை வாக்கில் உடம்பு மோசமானது. அவர் கண்ட கடைசி வெள்ளியன்று, வெள்ளைச் சட்டையில் சுத்தமாக உட்கார்ந்து நற்கருணை வாங்கினார். செவ்வாய்க்கிழமை போய்விட்டார். போர்வைக்குள் நான்தான் குளிப்பாட்டினேன், சொல்லிச் சொல்லி.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் கூடத்தில் ஓக்-ஹீயோடு கோயில் பெண்கள் நாலு பேர் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தொழில் கைவந்துவிட்ட கர்வம். போர்வையைப் போர்த்தி, கணீரென்று சொன்னேன்.

"இப்ப பின்பக்கம் கழுவப்போறேங்க, ஐயா!"

கூடத்தில் முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தம் நின்றது. கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"டேய் மத்தியா, எனக்குச் சொன்னாப் போதும், ஊருக்கு வேணாம். போயி கதவச் சாத்து."