லெஃப்ட் கார்னரைக் கொடுத்த ஆடி

கபடிக்காரிகளுக்கு ஆடி மாதம் ஆகாது. மற்றவர்களுக்கு ஆடியில் கல்யாணம்தான் நின்றுபோகும்; எங்களுக்குச் சோறே நின்றுபோகும். பொங்கலில் ஆரம்பித்து ஊர் ஊராக நடக்கிற போட்டிகள் வைகாசியோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஆள் குறைப்பு, ஆள் மாற்று. நான் இருப்பது இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பெண்கள் டீமில். காலையில் மெஷினில் வேலை, சாயங்காலம் மில்லுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பிராக்டிஸ். சம்பளம் மில் கொடுக்கிறது. அதனால் நூல் விலை இறங்கினால் முதலில் எங்கள் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

முந்தின வருஷத்து ஆடியில் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். "டீம் செலவக் குறைக்கணும்னு முதலாளி சொல்லிட்டாக. என்னையக் கோவிச்சுப் பிரயோசனம் இல்ல" என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் இல்லையா, எங்களுக்கு முட்டி. ஒவ்வொருத்தியையும் குத்தவைத்து எழுந்திருக்கச் சொன்னார் கோச். என் கூட்டாளி எழுந்தபோது முட்டியில் படக்கென்று சத்தம் கேட்டது. கோச் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேற்கே மலையைப் பார்த்தார்.

கூட்டாளி என்றால் சும்மா சிநேகிதி இல்லை. அவள்தான் லெஃப்ட் கார்னர், இடது மூலையில் நிற்பவள். அவளுக்கு அடுத்து நான். ரெய்டு வருகிறவளை மடக்க இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்போம். என் இடது கையும் அவள் வலது கையும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படிக் கோத்தவை. அவள் கண் எதிராளியின் காலில் இருக்கும், என் கண் இடுப்பில். எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பதை இடுப்புதான் முதலில் சொல்லும். நான் கையை ஒரு தடவை அமுக்கினால் 'பொறு'. இரண்டு தடவை அமுக்கினால் 'பாய்'. நான் அமுக்கின மாத்திரத்தில் அவள் எதிராளியின் கணுக்காலில் விழுந்து பிடித்திருப்பாள். அவளுடைய மோதிரவிரல் எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்தது. இருட்டில் நூறு கைகளை நீட்டினாலும் அந்தக் கையை நான் சொல்லிவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்த ஒருவர் புதிதாக டீம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அனுபவசாலி வேண்டும். எங்கள் மில்லுக்குச் சம்பளம் குறைய வேண்டும். அவளைக் கொடுத்துவிட்டு இரண்டு சின்னப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தாலும் அவள் ஒருத்தி சம்பளத்துக்கு வராது. மேனேஜர் ஜவுளிக் கடையில் தள்ளுபடி வாங்கினவர் மாதிரி அன்றைக்குச் சிரித்துக்கொண்டே திரிந்தார், பாவி.

பால்கோவாக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். தைப் போட்டி வரைக்கும் பார்ப்போம். சரிப்பட்டு வந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை. இல்லையென்றால் வீட்டைப் பார்க்கப் போகலாம். வீட்டைப் பார்த்து அவள் என்ன செய்ய? புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"ஏட்டி, அழுத, அப்பிருவேன். இந்தா இருக்கு வில்லிபுத்தூரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ் முக்குத் திரும்புவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவள் நம்பரை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாரல். மலையிலிருந்து காற்று மண்ணையும் ஈரத்தையும் சேர்த்து அடித்தது. புதுப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. மூலை காலியாகக் கிடக்க, நான் என் இடத்தில் நின்றேன். பழக்கம், இடது கை தானாக நீண்டது.

அதை யாரோ பிடித்தார்கள்.

காற்று என்று சொல்லலாம். காற்றுக்கு விரல் கிடையாது. வேர்த்த, சில்லென்ற உள்ளங்கை. அதில் ஒரு விரல் கோணல். குனிந்து பார்த்தேன், என் கை மட்டும்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, எதையோ கோத்த மாதிரி நின்றது. உதறினேன், போகவில்லை. விசில் ஊதி எல்லோரும் கலைந்தபோதுதான் அதுவும் விட்டது. அய்யோ சாமி என்று வாய் விட்டுக் கத்தாதது என் மானத்துக்குப் பயந்துதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நரம்பு வீக்னெஸ்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். நல்ல மனுஷன், எதற்கும் ஒரு மாத்திரை வைத்திருப்பார். விழுங்கினேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அந்தக் கை வந்தது.

பிராக்டிஸ் இல்லாத நாளிலும் வரத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை ஆள் வரவில்லை என்று சாயங்கால ஷிப்டுக்கும் என்னை நிறுத்தியிருந்தார்கள். அறுந்த இழையைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது இடது கை இறுகியது. எலும்பு நோகிற இறுக்கு. திடீரென்று வெடுக்கென்று இழுத்தது, அப்புறம் ஒன்றுமில்லை. வெளியே ஓடிவந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி செய்த இப்ப?"

"என்ன செய்ய, விழுந்து கெடக்கேன். மொழங்கையெல்லாம் தோலு போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "இங்க என் பக்கத்துல நிக்கிற பிள்ள கைய மரக்கட்ட மாதிரி வச்சிருக்கு. எப்பப் பாயணும்னே தெரிய மாட்டேங்குது. முதலாளி கோச்சுகிட்ட, கெழவிய நம்ம தலையில கட்டிட்டானுவன்னு சொன்னாராம். தைக்குப் பொறவு என்னைய அனுப்பிருவாக போலட்டி."

"என் கையில..." என்று ஆரம்பித்தேன். அவள் இருக்கிற இருப்பில் இதை வேறு எதற்குச் சொல்ல? விட்டுவிட்டேன்.

எங்களுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தியை மூலையில் நிறுத்தினார் கோச். வத்திராயிருப்புப் பக்கம் அவளுக்கு ஊர். வாயைத் திறந்து பேச மாட்டாள். முதல் நாள் என் கையைப் பிடித்தவள் சூடு பட்ட மாதிரி விட்டாள். மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டாள்.

"என்ன, ஏங்கை என்ன கடிக்குதா?" என்று ஏசினேன்.

அவள் கோச்சுக்குக் கேட்காமல் என் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, ஒங்க கைய ஏற்கெனவே யாரோ பிடிச்சிருக்காவ."

நான் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அவியளுக்கு ஒரு விரலு கோணலா?" என்று கேட்டாள்.

அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. என் கூட்டாளியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதன் பிறகு அந்தப் பிள்ளை என் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். உள்ளங்கையை விட்டுவிடுவாள், ஆள் இருக்கிற இருக்கையில் உட்காராத மாதிரி. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

தையில் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில், கோபுரம் நேரே தெரிகிற பள்ளிக்கூட மைதானத்தில். எங்களுக்கும் பால்கோவா டீமுக்கும் ஆட்டம். வேனில் போகும்போதே இடது கை கனத்தது. இறங்கி அவளைப் பார்த்தேன். புதுப் பனியன், மெலிந்த முகம். "இன்னைக்கு ஒரு ஆளையாவது பிடிக்கலன்னா நாளைக்கு வர வேண்டாம்னுட்டாரு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ ஒன் ஆட்டத்த ஆடு, என்னைய நெனைக்காத."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பால்கோவாக்காரர் முன்வரிசையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முழுக்க அவளுக்கு ஒருத்தியும் சிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி பிந்தினாள், மண்ணில் விழுந்தாள், எழுந்தாள். அவள் விழும்போதெல்லாம் என் கையும் வெடுக்கென்று இழுபட்டது. கூட்டத்தில் ஒருவன் "ஆச்சிய வீட்டுக்கு அனுப்புங்கப்பா" என்று கத்தினான். அவனை நாலு அறை விட்டிருப்பேன்.

கடைசி ரெய்டு. இரண்டு டீமும் சமம். எங்கள் பக்கம் ரெய்டுக்காரிகள் எல்லோரும் அவுட்டாகி வெளியே நின்றார்கள். கோச் என்னைக் கைகாட்டினார். ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தால் போதும், ஜெயம் எங்களுக்கு. எங்கே தொடுவது? முட்டி போன ஆள் எதிரே மூலையில் நிற்கிறாள், எல்லோருக்கும் தெரியும். "கார்னர், கார்னர்" என்று மேனேஜர் கோட்டுக்கு வெளியே நின்று கூவினார்.

கபடி கபடி என்று உள்ளே போனேன். எனக்கும் ஜெயிக்கத்தான் ஆசை, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. அவள் அந்தப் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கோத்திருந்தாள். அவள் கண் என் காலில். நானோ அவளை நோக்கிப் போகப் போக, என் இடது கையில் அவள் பிடி கூடிக்கொண்டே வந்தது. சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பது போல ஆனது. என் வாயில் ஓடும் மூச்சுகூட வேறு யாருடையதோ போல இருந்தது. காலை நீட்டினேன். என் இடுப்பு திரும்பியது. திரும்பின இடுப்பை எதிரே நின்று பார்த்தவள் மாதிரி எனக்கே தெரிந்தது, இப்போதுதான் பாய வேண்டும் என்று.

என் இடது கை மூடியது. திறந்து, மறுபடி மூடியது. நான் மூடவில்லை. சத்தியமாக நான் மூடவில்லை.

அவள் விழுந்தாள். என் கணுக்கால் அவள் இரண்டு கைக்குள் இருந்தது. பூட்டுப் போட்ட பிடி, எனக்குத் தெரிந்த பிடி. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மூச்சு போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

பால்கோவாக்காரர் சேரை விட்டு எழுந்து வந்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் கும்பிட்டாள். எங்கள் மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் வேனில் ஏறினார். அடுத்த ஆடிக்கு யார் முட்டியைப் பார்க்கப் போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வேன் கிளம்புகிற நேரத்தில் அவள் ஜன்னலுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் மண், மண்ணில் கண்ணீர்க் கோடு. "நெரந்தரம்னு சொல்லிட்டாருட்டி. திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாரு."

"நல்லாருட்டி" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எம் பக்கத்துல நின்ன பிள்ள என் கைய அமுக்கவே இல்லங்குறா. கேட்டுட்டேன். ஆனா ரெண்டு அமுக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதுக்குத்தான் பாஞ்சேன்." என்னைப் பார்த்தாள். "அது நீதானட்டி?"

அதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

பாதி வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வத்திராயிருப்புப் பிள்ளை என் இடது கையை எடுத்தாள். மணிக்கட்டை இல்லை, உள்ளங்கையை. விரலுக்குள் விரல் விட்டு, செத்த நேரம் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப ஒங்க கை மட்டுந்தான் இருக்கு" என்றாள்.

ஆடியிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. அந்தப் பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து இராஜபாளையம் வரும் வரைக்கும் அழுதேன்.