சிவப்பில் ஓடிய பம்பு

2019 நவம்பர் 12, செவ்வாய், பிற்பகல் 3.40. விடாத மழை. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் அமிலப் பம்புகளின் நிலையைக் காட்டும் கணினித் திரையை வரைந்தவன் நான். முப்பத்தோர் ஆண்டு மின்நிலையப் பழக்கத்தில், ஓடும் பம்புக்குச் சிவப்பு கொடுத்துவிட்டேன். அங்கேயோ சிவப்பு என்றால் பம்பு நின்றுவிட்டது என்று பொருள்.

"பம்பு நின்னுருச்சா, அக்கா?" என்று குழாயைக் கழற்றக் காத்திருந்த மணியம் வாக்கிடாக்கியில் கேட்டார்.

"செவப்பா இருக்கு லா. கழட்டு, பயந்தாங்கொள்ளி!" என்று கட்டுப்பாட்டு அறையில் லெட்சுமி சிரித்தார்.

மணியம் கழற்றினார். அமிலம் வலக்கண்ணில் பீய்ச்சியடித்தது.

"கலரு மாறியிருக்குன்னு யாரும் சொல்லலியே, அண்ணே," என்று விசாரணையில் லெட்சுமி என்னைப் பார்த்து அழுதார். "பயிற்சியில் சொன்னேன்" என்றேன். நான் சொல்லவில்லை. லெட்சுமிக்கு வேலை போயிற்று.

நாற்பத்தாறு பம்புகளையும் திரையில் மூன்று முறை எண்ணிச் சரிபார்த்த நான், அதைப் பார்க்கப்போகிறவரிடம் சிவப்பு என்றால் என்னவென்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மணியத்தின் செயற்கைக் கண்ணுக்கு நான் கொடுத்தது 2,350 மலேசிய வெள்ளி.