ஒரு தரம் நீட்டிய டின்

ஜான்-டலோன் சந்தையில் கறுவாப்பட்டை பிஸ்கட் மணத்ததும், இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட செயின்ட்-மிஷேல் உதைபந்தாட்டக் கழகக் கொட்டகை நினைவில் வந்தது. அறுபது வயதில் எனக்குக் கிடைத்த பால்யம் அது. பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் குடியேறிய ஒல்லாந்தர்கள் தொடங்கிய கழகத்தில் நம் தமிழ்ப் பெடியங்கள் ஆடினார்கள், நான் கோல் கணக்கு எழுதினேன். ஆட்டம் முடிந்ததும் கழகத்தைத் தொடங்கிய கிழவர் ஹென்ட்ரிக் அதே கறுவாப்பட்டை பிஸ்கட் டின்னை ஒரு தரம் நீட்டுவார். முதல் தரம் மறுப்பதுதானே நமக்கு மரியாதை. நான் மறுத்ததும் மூடிவிடுவார். பதினான்கு ஆட்டங்களில் பதினான்கு பிஸ்கட் போயிற்று.

"கேட்ட உடனை எடுங்கோவன், அண்ணை. ஒல்லாந்தர் ரெண்டாந்தரம் கேக்க மாட்டினம்," என்றான் கோல்காப்பாளன் சிவா.

கொட்டகையை மூடிய கடைசி நாளில் கையைத் தயாராக வைத்திருந்தேன். ஹென்ட்ரிக் என்னைத் தாண்டி டின்னைச் சிவாவிடம் நீட்டினார்.

"இவருக்குப் பிஸ்கட் பிடிக்காது," என்று எல்லோருக்கும் பிரெஞ்சில் அன்பாக விளக்கினார்.