பாடகி வராத நாளின் மெட்டு

கண்ட்ரி இசை பாடுகிறவர்களுக்குப் பின்னால் கிட்டார் வாசிப்பது பல வருடங்களாக என் வேலை. ஒலிப்பதிவுக்குக் கூப்பிடுவார்கள். டென்மார்க்கில் நான் இருக்கும் ரண்டர்ஸ் நகரிலிருந்து போவேன், வாசிப்பேன், திரும்பி வருவேன். தேவாலயத்து ஞாயிறு பூசைப் பாடற்குழுவில் கிட்டார் பழகியவள் என்றால் டெனிஷ்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு தை மாதம் விபோர்க்கில் ஒலிப்பதிவு. காலையிலிருந்தே பனி கொட்டியது. பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னார். நாங்களோ எல்லோரும் வந்துவிட்டோம்.

"அவள் பாட வேண்டிய இடத்தை நீயே வாசித்துவிடு," என்றார் ஒலிப்பதிவாளர் டெனிஷில்.

ஜன்னலுக்கு வெளியே கார்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் மறைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபடி வாசித்தேன். ஒரே ஒரு தடவைதான். பிறகு அதைக் கேட்ட பாடகி, "இதற்கு என் குரல் வேண்டாம், இப்படியே விடுங்கள்," என்று சொல்லிவிட்டார்.

வசந்தத்தில் வானொலி அதைப் பிடித்துக்கொண்டது. நான் போகும் இடமெல்லாம் அந்த மெட்டு எனக்கு முன்னரே போயிருந்தது. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கையில் கூரை ஒலிபெருக்கியில் என் விரல்கள் வாசித்தது கேட்டது. நான்தான் என்று சொல்ல வாய் இல்லை. விறைப்பு மருந்தில் அந்த அறையே மெல்ல மிதந்தது.

அம்மா குசினியில் சமைத்தபடி வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் காத்திருந்தா.

"பாட்டு எப்ப பிள்ளை தொடங்கும்?"

"இதுதான் அம்மா பாட்டு."

"ஒருத்தரும் பாடேல்லையே?"

"ஓம், பாடேல்லை."

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆரோ பாடுற மாதிரித்தான் கிடக்கு," என்றா.

கோடையில் என்னை மேடையின் முன்னுக்கு நிறுத்தினார்கள். ஸ்கீவ என்ற ஊரில், புல்வெளியில், மாலை வெயிலில், சொற்கள் இல்லாததால் சனம் வாய் மூடியபடி அந்த மெட்டை முணுமுணுத்தது. தேனீக்கூட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது. என் விரல்கள் தாமாக நின்றுவிட்டன. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். மெட்டோ நிற்கவில்லை. சனமே அதைக் கடைசிவரை கொண்டுபோனது. நான் கண்மூடிக் கேட்டேன்.

பிறகு வெளியிட்ட இரண்டு மெட்டுகளும் எடுபடவில்லை. கொஞ்சம் வலித்தது. பாடுகிறவர்களுக்குப் பின்னால் திரும்பப் போய் நின்றபோது அது ஆறிவிட்டது.

போன கிழமை ஒரு மத்தியானம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் அந்த மெட்டை முணுமுணுத்தார், நடுவில் ஒரு சுரத்தை மாற்றி. வீட்டுக்கு வந்து அவர் மாற்றியபடியே வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.