வேதமுத்துவும் நைட்ரஜன் காற்றும்

வேதமுத்துவுக்கு மணலைக் கண்டால் ஆகாது. கரையான்சாவடியில் யாராவது வீடு கட்டத் தெருவில் மணல் கொட்டியிருந்தால்கூட எதிர்ப்பக்கம் ஒதுங்கித்தான் நடப்பார். பத்தொன்பது வருஷம் துபாயில் மணலோடு மாரடித்த மனிதர். வெறுப்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

பாலைவனம் பார்க்க வருகிறவர்களைப் பெரிய ஜீப்பில் உட்காரவைத்து மணல்மேடுகளில் ஏற்றி இறக்குவதுதான் அங்கே அவர் வேலை. ஏறும்போது கூச்சல் போடுவார்கள், இறங்கும்போது வாந்தி எடுப்பார்கள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மறைகிற சூரியனை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் நின்று போட்டோ பிடிப்பார்கள். அந்த நேரத்தில் வேதமுத்து சீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். காசு கொடுத்துக் குடலைப் புரட்டிக்கொள்கிற இந்தக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஆனால் வேலையில் அவர் கெட்டிக்காரர். எந்த மேட்டில் எந்தப் பக்கம் மணல் பொலபொலவென்று இருக்கும் என்பதை வண்டியை விட்டு இறங்காமலே சொல்வார். ஒருநாளும் அவர் வண்டி புதைந்ததில்லை. இதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும்? மகள் ரெனிதாவுக்கு அப்பா என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, சாக்லேட் தீருவதற்குள் கிளம்பிப்போகிற ஓர் ஆள். "துபாய்ல டிரைவர்" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள். கல்யாணப் பேச்சிலும் அதையேதான் சொன்னார்கள். எங்கே ஓட்டினாய், எப்படி ஓட்டினாய் என்று மகள் ஒருமுறை கேட்க மாட்டாளா என்று அவருக்கு ஏக்கம். கேட்காமல் தானாகச் சொல்ல வீம்பு விடவில்லை. ஊர் திரும்பி ஒரு காலேஜ் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

மருமகன் மேக்ஸ்வெல், நசரத்பேட்டை அடுக்குமாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். அவன் வாங்கிய ஜீப்பின் தலையில் ஆறு விளக்கு, முதுகில் ஒரு மண்வெட்டி. மண்வெட்டியில் விலைச்சீட்டு இன்னும் கிழியவில்லை. அந்த ஜீப் அதுவரை ஏறியதிலேயே உயரமான மேடு, அடுக்குமாடி வாசலில் உள்ள ஸ்பீடு பிரேக்கர். இவனைப்போலவே இன்னும் பத்துப்பேர் சேர்ந்து 'பாலைச் சிங்கங்கள்' என்று டீ-ஷர்ட் அடித்தார்கள். டீ-ஷர்ட் வந்த பிறகுதான் வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசித்தார்கள். ராஜஸ்தான் என்று முடிவாயிற்று. ரெனிதாவும் கூடப் போவதாக ஏற்பாடு.

மகள் போகிறாளே என்பதற்காக வேதமுத்து வீம்பை விழுங்கினார்.

"மாப்ளே, மணல்ல எறங்கறதுக்கு முன்ன டயர்ல பாதிக் காத்த எறக்கிடுங்க. டயர் பரந்து குந்தினாத்தான் மணல் தாங்கும்."

மேக்ஸ்வெல் சிரித்தான். "மாமா, அது சாதாக் காத்து இல்ல, நைட்ரஜன். காசு குடுத்து அடைச்சது. அதைப் போய் யாராவது திறந்து விடுவாங்களா?"

நகையைப்போல் காற்றைப் பூட்டிவைக்கிற ஆளை வேதமுத்து அன்றுதான் பார்த்தார்.

அவர்கள் கிளம்பிய ஐந்தாம் நாள் சாயங்காலம் ரெனிதா வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, வண்டி பொதைஞ்சு போச்சுப்பா. இவரு மிதிக்க மிதிக்க உள்ள போவுது." போனைத் திருப்பிக் காட்டினாள். சிங்கத்தின் நாலு காலும் பாதிவரை மணலுக்குள். பின்னால் இன்னும் மூன்று சிங்கங்கள் அதே கோலத்தில். ஓர் ஒட்டகக்காரர் மேட்டில் உட்கார்ந்து இலவசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அவர கால எடுக்கச் சொல்லு. தலையில ஹேர்பின் கீதுல்ல? டயர் வாயோட மூடியத் தெறந்தா நடுவால ஒரு ஊசி கீது பாரு, அத அமுக்கு. டயர் பக்கம் லேசா பிதுங்கற வரிக்கும் உடு."

"ஐயோ, நைட்ரஜன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அழுதது. ரெனிதா திரும்பிப் பார்க்கவில்லை. நாலு டயருக்கும் அமுக்கினாள்.

"இப்ப சக்கரத்தாண்ட மணல வாரு. வந்த தடத்துலயே பின்னால எடுக்கச் சொல்லு. மொள்ள. பிரேக்கத் தொடவே கூடாது."

ஜீப் முனகிக்கொண்டே வெளியே வந்தது. ரெனிதா போனை முகத்துக்கு நேரே பிடித்து, "ஒனக்கு எப்டிப்பா இதெல்லாம் தெரியும்?" என்றாள்.

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. வேதமுத்து வாயைத் திறந்தார். "சூரியன் எறங்குது, போனைக் குடு, போட்டோ!" என்று மேக்ஸ்வெல் பிடுங்கினான். தொடர்பு அறுந்தது. சூரியனை மனதார ஏசிவிட்டு வேதமுத்து படுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அடுக்குமாடி ஹாலில் திரை கட்டி வீடியோ காட்டினான் மேக்ஸ்வெல். ஒரு சிங்கம் எடுத்திருந்த படம். வண்டி புதைகிறது, காற்று இறங்குகிறது, வண்டி ஏறுகிறது. வேதமுத்துவின் குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில் தடதடவென்று ஒரு மேளம்.

"காத்தை எறக்கற யோசனை எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார் மூன்றாம் மாடி தினகரன்.

"பாலைவனத்துல நின்னா அதுவா தோணும் சார்," என்றான் மேக்ஸ்வெல்.

கைதட்டினார்கள். வேதமுத்து மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அதோடும் விட்டானா மேக்ஸ்வெல்? ஜீப் சாவியை அவர் மடியில் போட்டு, "மாமா, வண்டி கேட்டை மறிக்குதாம். கொஞ்சம் ஓரமா எடுத்து விடுங்க," என்றான்.

டிரைவர்தானே. எழுந்து போனார்.

ராஜஸ்தான் தூசியை யாரும் துடைக்கக்கூடாதென்று மேக்ஸ்வெல் உத்தரவு போட்டிருந்ததால் ஜீப் அழுக்காகவே நின்றது. வேதமுத்து முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயர் மூடியைத் திருகி எடுத்து, சாவி நுனியால் ஊசியை அமுக்கினார். மறுபடியும் விலை கொடுத்து அடைத்த காற்று புஸ்ஸென்று நசரத்பேட்டைக் காற்றோடு கலந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். ரெனிதா. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் டயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக்கொண்டு பின்சக்கரத்தருகே உட்கார்ந்தாள்.

"எவ்ளோப்பா உடணும்?"

"இது தார் ரோடு. முழுசா உட்ரு."

உள்ளே இன்னொரு கைதட்டல் கேட்டது. ரெனிதா ஊசியை அமுக்கியபடியே, "துபாய்ல மொத நாளு இன்னா பண்ணே, அதுலேருந்து சொல்லு," என்றாள்.

நாலு டயரும் தரையோடு உட்கார்ந்த பிறகும் வேதமுத்து சொல்லிக்கொண்டிருந்தார்.