முதலில் யாருக்குச் சொல்வது

இராசேஸ்வரிக்குப் பொறாமை என்று அவள் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் தொலைந்தீர்கள். "எனக்கா? அந்தச் சின்னப் பொண்ணு மேலயா? நல்லா இருக்கே கதை!" என்று ஆரம்பித்து, கம்பெனிக்காகத் தான் மாடாய் உழைத்ததையெல்லாம் முதலிலிருந்து எடுத்து விடுவாள். அவள் ஆயிரம் சொல்லட்டும். பொறாமைதான், வேறென்ன? உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பொறாமை. அவள் அதற்கு வைத்துக்கொண்ட பேர்தான் நியாயம்.

ஆள் பிரிக்பீல்ட்ஸ்காரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவும் ரயில்வே கிளார்க், கட்டிய புருஷன் வீரசிங்கமும் ரயில்வே கிளார்க். இவள் மட்டும் தினமும் கொமுட்டர் ரயில் ஏறித் துறைமுகம் இருக்கிற கிள்ளானுக்கு வேலைக்குப் போனாள். அங்கே பழனியப்பன் என்பவருக்கு ஒரு சரக்குக் கம்பெனி. கப்பலில் வருகிற கன்டெய்னருக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்து, லோரியில் ஏற்றி, கடை கடையாக அனுப்புகிற தொழில். அந்த ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு அதன் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றியவள் இராசேஸ்வரி. பில் போடுகிற புரோகிராம் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. பழனியப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க இராசேஸ்வரி இல்லாட்டி இங்க ஒரு தாள் நகராது" என்பார். அதைக் கேட்டால்தான் அவளுக்கு மத்தியானச் சோறு இறங்கும்.

தொண்ணூற்றெட்டில், ரிங்கிட் மதிப்பு விழுந்து ஊரெல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பழனியப்பனுக்கு இன்டர்நெட் ஆசை வந்தது. சுங்கை வேயிலிருந்து தங்கமணி என்று ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தார். பேக்டரித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். வந்து இரண்டு மாதத்தில் சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டாள். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இணையப் பக்கத்தில் எழுத்தை ஓடவிட்டுக் கண் சிமிட்ட வைக்கிற விளையாட்டுச் சாமான் என்று இராசேஸ்வரி நினைத்திருந்தாள். "அதை வச்சுக் கம்பெனி நடத்தப் போறியா, நடத்து நடத்து" என்று வாய்விட்டே சிரித்தாள். சிரித்த வாய் சீக்கிரமே மூடிக்கொண்டது.

தங்கமணி செய்தது இதுதான். துறைமுகத்திலிருந்து 'கன்டெய்னர் வந்தாச்சு' என்று சர்வருக்கு ஒரு சேதி வரும். அதை அவள் ஈவென்ட் என்றாள். அந்தச் சேதி யார் யாருக்கு வேண்டுமோ அந்தந்தப் பகுதி முன்கூட்டியே பேர் கொடுத்து வைக்க வேண்டும். பேர் கொடுத்து வைத்தவர்கள் லிசனர். சேதி வந்ததும் சர்வர், பேர் கொடுத்த வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிடும். முதலில் கஸ்டம்ஸ், அப்புறம் லோரி, அப்புறம் ஸ்டோர், கடைசியில் பில். ஒருவர் வேலையை முடித்தால்தான் அடுத்தவருக்கு அழைப்பு போகும்.

லோரிப் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஜெயராஜ் அதுவரை தினமும் காலையில் துறைமுகத்துக்குப் போன் போட்டு, "கப்பல் வந்துருச்சா, வந்துருச்சா" என்று தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது ஸ்கிரீனே அவரைக் கூப்பிட்டுச் சொன்னது. மனுஷன் போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். "தங்கமணி, நீ கெட்டிக்காரி லா!" என்று ஒட்டுக்கடையில் கோப்பி குடிக்கும்போதெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இராசேஸ்வரிக்குக் கோப்பி கசந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அந்தக் கடைசி இடம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் சனத்துக்குச் சேதி முக்கியமில்லை. சேதி யாருக்கு முதலில் போனது என்பதுதான் முக்கியம். கலியாணமோ சாவோ, "எனக்குச் சொல்லிட்டுத்தானே அவளுக்குச் சொல்லியிருக்கணும்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். இராசேஸ்வரியே ஒன்றுவிட்ட தங்கச்சி மகள் கலியாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகை எதிர்வீட்டுக்குக் கொடுத்த பிறகு இவள் வீட்டுக்கு வந்ததாம். அப்பேர்ப்பட்டவளை லோரிக்காரனுக்கும் ஸ்டோர்காரனுக்கும் பின்னால் கடைசி ஆளாக நிறுத்தினால்?

"ஏம்மா, என் பில்லைக் கடைசியில போட்டிருக்கே?" என்று கேட்டே விட்டாள்.

"அக்கா, பில்லுக்கு அவசரமில்லதானே? அது பழைய பைல் எல்லாம் தேடிப் பார்க்குது, நேரம் எடுக்கும். மத்தவங்க ஓடுறவங்க. அவங்களுக்கு முதல்ல சொல்லிடலாம்னு..."

சரியான பதில்தான். சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அடுத்த திங்கட்கிழமை பழனியப்பன் எல்லாரையும் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பகுதிக்கு ஒரு தலைவரைப் போடப் போவதாகவும், பேரைத் தீபாவளிக்கு முன்னால் சொல்வதாகவும் அறிவித்தார். சொல்லும்போது அவர் கண் ஒரு தரம் தங்கமணி பக்கம் போய்வந்தது. இராசேஸ்வரி பார்த்துவிட்டாள். அவள் பார்க்காமல் விடுவாளா? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷம் இருந்த இடத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிற ஒரு பெண்ணிடம் லீவு கேட்டு நிற்பதா? அதற்குச் செத்துப் போகலாம்.

புதன்கிழமை தங்கமணி சாப்பிடப் போயிருந்தாள். இராசேஸ்வரி அவள் புரோகிராமைத் திறந்தாள். லிசனர்கள் பேர் கொடுக்கிற வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. தன் பில் வரியை வெட்டினாள். எல்லாருக்கும் மேலே ஒட்டினாள். அவ்வளவுதான் வேலை. மத்தியானம் ஒரு கன்டெய்னர் வந்தது. முதலில் அவள் ஸ்கிரீன்தான் கூவியது. பிறகுதான் மற்றவர்களுடையது. ஹா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே சிரித்தாள்.

ஆனால் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது. புதுக் கடைக்காரர் யாருடைய சரக்காவது வந்தால், அவருக்கு என்ன விலை என்று பழைய பைலில் அவள் முன்னாலேயே ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் பில் புரோகிராம் அந்த இடத்தில் தடுக்கி விழுந்துவிடும். முன்பும் விழுந்திருக்கிறது. கடைசி ஆளாக இருந்தவரை அது விழுந்தது யாருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் விலையை ஏற்றிச் சரிசெய்துவிடுவாள். முதல் ஆளாக நின்று விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாளா? யோசிக்கவில்லை. பொறாமை வந்தவளுக்கு யோசனை எங்கே வரும்?

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தீபாவளிச் சேலை எடுக்கப் போனாள். அவள் கிளம்பிய பிறகு சின்ன வெங்காயம் ஒரு கன்டெய்னர் வந்து இறங்கியது. பிரிக்பீல்ட்ஸ் மளிகைக்காரர் ஒருவர், கம்பெனிக்குப் புது ஆள், தீபாவளி வியாபாரத்துக்கென்று வரவழைத்தது. சேதி சர்வருக்கு வந்தது. சர்வர் முதலில் பில்லைக் கூப்பிட்டது. பில் விலையைத் தேடியது, காணோம், விழுந்தது. அதோடு எல்லாம் நின்றது. கஸ்டம்சுக்கு அழைப்பு போகவில்லை. லோரிக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் போகவில்லை. ஜெயராஜ், ஸ்கிரீன் சும்மா இருக்கிறது, கப்பல் வரவில்லை போல என்று காலை நீட்டிக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரும்புப் பெட்டிக்குள் வெங்காயம் கிள்ளான் வெயிலில் வெந்தது.

திங்கட்கிழமை காலையில் மளிகைக்காரர் போனில் கத்திய கத்து பழனியப்பன் அறைக் கதவைத் தாண்டிக் கேட்டது. கன்டெய்னரைத் திறந்த ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம்.

தங்கமணி புரோகிராமைத் திறந்து பார்த்தாள். முதல் வரியைப் பார்த்தாள். திரும்பி இராசேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தாள். மாட்டிக்கொண்டோம், இத்தனை வருஷ மானமும் போயிற்று என்று இராசேஸ்வரி நினைத்தாள். பழனியப்பன் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"யாரு பண்ண வேலை இது?"

தங்கமணிதான் பேசினாள். "என் தப்பு பாஸ். ஒருத்தர் தடுக்கி விழுந்தா மத்தவங்களையும் கூப்பிடாம நின்னுடுற மாதிரி எழுதிட்டேன். யார் விழுந்தாலும் அடுத்தவங்களுக்குச் சேதி போகணும். நான் அதைக் காபந்து பண்ணியிருக்கணும். இன்னைக்கே சரி பண்ணிடுறேன்."

வரிசையை மாற்றியதைப் பற்றி மூச்சு விடவில்லை. பழனியப்பன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். கடைசியில் அவர், "இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கிறது. இராசேஸ்வரி, நீங்களே தலைவரா இருந்து பாத்துக்குங்க" என்றார்.

கிடைத்துவிட்டது. தவமிருந்து கேட்டது மடியில் வந்து விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வீரசிங்கத்திடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். புருஷனிடம் மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவர் பேப்பரை மடித்தார்.

"அப்ப அந்தப் பெட்டைக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் உம்மைக் காட்டிக் குடுக்கேல்ல. நல்ல பிள்ளையப்பா."

"நல்ல பிள்ளையோ? உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? நான் தலைவியாகிட்டன் எண்டு சொல்றன், நீர் அவளைப் புகழுறீர்!"

"நீர் எண்டால் சொல்லாமல் இருந்திருப்பீரோ?" என்று கேட்டுவிட்டு மனுஷன் மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது. மறுநாள் ஆபீசில் அது இன்னும் மோசமானது. பாஸ் அறைக்குள் நடந்தது அதற்குள் எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் இவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேச்சைத் தங்கமணியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "தப்பை ஒத்துக்கிறதுக்கு ஒரு மனசு வேணும் லா" என்றார் ஜெயராஜ். ஸ்டோர் நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன குணம் அந்தப் புள்ளைக்கு!" என்றாள். தங்கமணியோ ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து புரோகிராமைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இராசேஸ்வரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வேலையில் கெட்டிக்காரி என்ற பேர் அவளுக்கு. சரி, ஒழியட்டும். இப்போது நல்லவள் என்ற பேரும் அவளுக்கா? அதுவும் என் தப்பை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு? எனக்கு நாற்காலி, அவளுக்கு ஊர் முழுக்கப் புகழா? இது என்ன அநியாயம்! விட்டால் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள் போலிருக்கிறதே!

எழுந்தாள். நேரே பழனியப்பன் அறைக்குள் போனாள்.

"பாஸ், வரிசையை மாத்துனது நான். புதன்கிழமை, அவ சாப்பிடப் போயிருந்தப்ப. அவ எழுதுன வரிசை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் என் பில்லைத் தூக்கி முதல்ல போட்டேன். விலையும் ஏத்தாம விட்டேன். அவ பாட்டுக்கு எல்லாத்தையும் தன் தப்புன்னு சொல்லிப் பேர் வாங்கிட்டுப் போறா. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அந்தத் தலைவர் வேலை..."

"அவளுக்கே குடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான். பழனியப்பனுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. வெங்காயத்தை நினைத்து இரண்டு வார்த்தை கடுமையாகவே சொன்னார். பிறகு, "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, இதுக்கும் பெரிய மனசு வேணும்மா" என்றார். அந்த வார்த்தை அவளுக்குத் தேனாக இனித்தது. பெரிய மனசு! கேட்டீர்களா? நமக்கும் உண்டு!

வெளியே வந்ததும் நேரே தங்கமணி மேசைக்குப் போனாள். பாஸ் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு.

"ஏய், நீதான் தலைவி. பாஸ்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். மாத்துனது நான்தான்னு."

தங்கமணி ஆச்சரியப்படுவாள், வாய் பிளப்பாள், கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து நின்று, கண் கலங்க, ரொம்பச் சாதாரணமாகச் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. நீங்களே போய்ச் சொல்லிடுவீங்கன்னு தெரியும். அதான் நான் வாயைத் திறக்கல."

அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை இராசேஸ்வரிக்கே தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது? தன்னைப் பற்றித் தானே ஒருநாளும் நினைத்துப் பார்க்காத நல்லதை இவள் எப்படி முன்கூட்டியே நம்பி உட்கார்ந்திருந்தாள்? அதிலும் இவள்தான் முந்திக்கொண்டாளா?

அணைந்துவிட்டது என்று நினைத்த வயிற்றெரிச்சல் மறுபடியும் ஆரம்பித்தது.